உப்புக் காற்றில் பழைய டீசல் ஜீப்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லாண்ட் ரோவர், மிற்சுபிசி ஜீப், டொயோட்டா பீஜே40 என்று நாற்பது, ஐம்பது வயதான டீசல் வண்டிகளைக் கண்டி, குருநாகல், பதுளைப் பக்கங்களில் இருந்து ஆசையோடு வாங்கி வருகிறவர்கள் இங்கே பலர். மலைநாட்டில் திடமாக நின்ற சேசிஸ் (வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம்), உப்புவெளியிலோ நிலாவெளியிலோ சில மாரி கண்டதும் உதிரத் தொடங்கிவிடுகிறது. இந்த வண்டிகளை இனி யாரும் செய்யப் போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அதனால் கறள் (துரு) பற்றிய கேள்விகளுக்குத்தான் இங்கே கூடுதல் இடம். என்ஜின் விடயங்களில் கடலோரத்துக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி இப்போதுதான் வீட்டுக்கு வந்தது. முதலில் என்ஜினைப் பார்ப்பதா, பெயின்ற் அடிப்பதா?

இரண்டும் இல்லை. முதலில் வண்டிக்குக் கீழே போங்கள். என்ஜின் பழுதானால் கழற்றிச் செய்யலாம், சாமானைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கலாம். சேசிஸ் அப்படியில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கம்தான் அந்த வண்டியின் அடையாளம். சேசிஸ் போனால் இரும்பு வேலையோடு கடதாசி வேலையும் சேர்ந்து தலையில் ஏறும்.

முதல் நாளே அந்த இலக்கம் அடிக்கப்பட்ட இடத்தைத் தேடிப் பாருங்கள். பல வண்டிகளில் அது முன் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சேறு படும் இடத்தில்தான் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் பித்தளைப் பிரஷ்ஷாலும் மெதுவாகத் துடையுங்கள். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. எழுத்துத் தெளிந்ததும் படம் எடுத்து வைத்துவிட்டு, மெல்லிய படையாக மெழுகோ கிரீஸோ பூசிவிடுங்கள். இலக்கத்தைக் கறள் தின்ற பிறகு "இது என் வண்டிதான்" என்று நிரூபிப்பது பெரும்பாடு.

சேசிஸ் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்கக் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறதே.

விற்பதற்கு முன் அடித்த கறுப்புப் பெயின்ற்றை நம்பாதீர்கள். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூட்ரைவர், ஒரு காந்தம், ஒரு டோர்ச். இவ்வளவும் போதும்.

சுத்தியலால் சேசிஸ் நெடுகிலும் கைப்பிடி அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு "கணீர்" என்று பேசும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். பழுதான இடத்தில் "பொத்" என்று சத்தம் செத்துவிடும், உள்ளே ஏதோ கொட்டுண்ணும் சத்தமும் கேட்கும். அந்த இடத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்துக் கையால் அழுத்துங்கள். பழைய லாண்ட் ரோவரின் சேசிஸ் தகடு புதிதிலேயே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் பெரும்பகுதி கரைந்திருந்தால் முனை உள்ளே இறங்கிவிடும். இறங்கட்டும். ஓட்டை உங்கள் முற்றத்தில் தெரிவது நல்லது, ஹபரணை வீதியில் தெரிவது நல்லதல்ல.

லாண்ட் ரோவரில் முதலில் போவது பின்பக்கக் குறுக்குச் சட்டம், முன் ஸ்பிரிங் மாட்டும் கொம்புகள், சேசிஸில் இருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உடலைத் தாங்கும் கைகள், அப்புறம் கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள இரும்புச் சுவர். மிற்சுபிசி ஜீப்பிலும் பீஜே40 இலும் உடலும் இரும்பு. ஆகவே முன் சீற்றுக்குக் கீழுள்ள தரை, பின் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி, பின்கதவின் அடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காந்தம் அங்கேதான் உதவும். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும் ஃபைபரும்.

கடலோரத்தில் இருந்த வண்டி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 2004 டிசம்பர் 26 கடல்கோளில் மூழ்கி எழுந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடக்கூடும். டாஷ்போர்டுக்குப் பின்னால், சீற் சட்டக் குழாய்களுக்குள், கதவுகளுக்குள் நுண்மணல் படிந்திருந்தால் காரணத்தைக் கேட்டறியுங்கள்.

லாண்ட் ரோவரின் உடல் அலுமினியம்தானே? அதற்கு ஏன் கறள் பயம்?

உடல் அலுமினியக் கலப்பு உலோகம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் இரும்புத் தகடு பங்கீட்டில் இருந்ததால் 1948 இல் வந்த முதல் லாண்ட் ரோவருக்கே அப்படிச் செய்தார்கள், பிறகும் அதையே தொடர்ந்தார்கள். ஆனால் சேசிஸ், முன்சுவர், கதவுச் சட்டங்கள் எல்லாம் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அது ஒரு சின்னப் பற்றரி. அதில் கரைவது அலுமினியம். பெயின்ற் கொப்பளித்து, கீறினால் வெள்ளைத் தூள் கொட்டும். கதவின் அடிப்பகுதியில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கழற்றிப் பூட்டும்போது இரண்டுக்கும் நடுவே நைலோன் வாஷரோ, ரப்பர்த் தாளோ, மின்னைத் தடுக்கும் இணைப்புப் பசையோ வையுங்கள். "கறள் பிடிக்காது" என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அப்படியே அலுமினியத்தில் முறுக்குவது கடலோரத்தில் கூடாது. போல்ட் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் கரைந்து போகும். இரும்பைத் தேய்த்த கம்பிப் பிரஷ்ஷால் அலுமினியத்தைத் தேய்க்கவும் வேண்டாம், இரும்புத் துகள் அதில் பதிந்துகொள்ளும்.

நான் கடற்கரைக்கு வண்டியைக் கொண்டுபோவதே இல்லை. இருந்தும் ஏன் கறள் ஏறுகிறது?

உப்பு உங்களைத் தேடி வருகிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து இரும்பில் படிகின்றன. படிந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரியில் குசினியில் உப்புச் சாடி கசிகிறதே, அதேதான் உங்கள் சேசிஸிலும் நடக்கிறது. மழையே பெய்யாத இரவிலும் இரும்பு நனைந்துதான் இருக்கும். உப்பு கரைந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதில் போகும், கறளும் அதே வேகத்தில் ஓடும்.

சேசிஸ் பெட்டிபோல் மூடிய வடிவம். உள்ளே போன உப்பை மழை கழுவாது, வெயில் காயவைக்காது. இந்த வண்டிகளில் கறள் பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வருவது அதனால்தான். வெளியே பெயின்ற்றின் மேல் பெயின்ற்றாக அடித்துக்கொண்டிருப்பவர்களின் உழைப்பு வீணாவதும் அதனால்தான்.

கறள் வேலைக்கு எந்த மாதம் நல்லது?

கச்சான் காலம். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை காற்று தரைப் பக்கம் இருந்து சூடாகவும் காய்ந்தும் வீசும். கழுவிய சேசிஸ் உள்ளுக்குள்ளும் காயும். ஒக்டோபரில் வாடை திரும்பினால் காற்று கடலில் இருந்து வரும், மழையும் உப்பும் சேர்ந்தே வரும், ஜனவரி வரை விடாது. அதற்குள் எல்லாப் பூச்சும் முடிந்திருக்க வேண்டும். நவம்பரில் வண்டி வாங்கினீர்களா? பெயின்ற் வேலையைத் தொடங்காதீர்கள். நல்ல தண்ணீரால் கழுவி, ஒரு வெயில் நாளில் காயவிட்டு, மெழுகோ லனோலினோ (செம்மறியாட்டு உரோமத்தில் இருந்து எடுக்கும் கொழுப்பு) விசிறி மாரியைக் கடத்துங்கள். பெரிய வேலையைக் கச்சானில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் ஒவ்வொரு கிழமையும் கீழே அடித்துக் கழுவுகிறேன். போதுமா?

எந்தக் கிணறு என்பதுதான் கேள்வி. கடலுக்குக் கிட்டிய மணல் தரையில் பல கிணறுகள் சவர்த் தண்ணீர், வரட்சியில் இன்னும் சவராகும். அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். ஒரு கண்ணாடித் துண்டில் நாலு சொட்டு விட்டு வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாக வட்டம் கட்டி, விரலால் தொட்டால் நறநறத்தால், அந்தத் தண்ணீர் வண்டிக்கு வேண்டாம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் குழாய் இருந்தால் அதுதான் நல்லது. மாரியில் பீலியில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தாலும் சரி.

கழுவுவதில் வேகத்தைவிட இடம் முக்கியம். சேசிஸின் அடியில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியேறத்தான் அவை. பழைய வண்டிகளில் முக்கால்வாசித் துளைகள் அடைபட்டிருக்கும். கம்பி விட்டுக் கிளறினால் முதலில் ஒன்றும் வராது, பிறகு கறுத்த சேறு, மணல், இலைச் சக்கை, அதற்குப் பின்னால் துருநிறத் தண்ணீர் என்று கையை நிறைத்துக்கொண்டு கொட்டும். மழை இல்லாத ஆவணியிலும் தண்ணீர் வரும். ஒரு ஹோஸை மேல் துளையால் உள்ளே செலுத்தி, கீழே தெளிந்த தண்ணீர் வரும் வரை விடுங்கள். கதவுகளின் அடித் துளைகளையும் மறக்க வேண்டாம். இந்த ஒரு வேலைக்குக் காசு செலவில்லை, ஆனால் எந்த விலையுயர்ந்த பூச்சையும்விட இது வண்டியின் ஆயுளைக் கூட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவிய பிறகு பழைய என்ஜின் ஒயில் அடிக்கிறார்கள். நல்லதுதானே?

வேண்டாம். ஒயில் படிந்தால் தண்ணீர் ஒட்டாது என்பது உண்மைதான், ஆனால் எரிந்த ஒயிலில் அமிலமும் கரியும் கலந்திருக்கும். ஸ்பிரிங் புஷ், என்ஜின் மவுண்ட், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பர்களை அது ஊதி மென்மையாக்கும். தெருத்தூசியைப் பிடித்துச் சேறாக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு மழையில் கழுவுண்டு போகும். எங்கே போகும்? நம் ஊர் மணலில் ஒயில் நேராக இறங்கி அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும். குடிதண்ணீரைக் கெடுத்து வண்டியைக் காப்பாற்றுவது நியாயமில்லை.

அப்படியானால் எதைப் பூசுவது? முறையாகச் சொல்லுங்கள்.

இரண்டு இடங்கள், இரண்டு முறைகள். கை எட்டும் வெளிப்பகுதிக்குப் பெயின்ற், கை எட்டாத உட்பகுதிக்கு மெழுகு. இரண்டையும் குழப்புவதால்தான் பல வேலைகள் பிழைக்கின்றன.

வெளிப்பகுதியில் முதலில் ஒயிலும் கிரீஸும் போகக் கழுவுங்கள். செதிலாக எழும்பிய கறளை உளியாலும் சுத்தியலாலும் தட்டி விழுத்துங்கள். பிறகுதான் கம்பிப் பிரஷ் மாட்டிய கிரைண்டர். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பழைய இராணுவ வண்டிகளில் ஈயம் கலந்த செம்பூச்சு இருந்திருக்கலாம், அந்தத் தூசி நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இதைச் செய்யாதீர்கள்.

இரும்பு வெளுத்ததும் உடனே பெயின்ற் அடிக்கத் தோன்றும். பொறுங்கள். கறள் தின்ற குழிகளுக்குள் உப்பு இன்னும் இருக்கிறது. நல்ல தண்ணீரும் நைலோன் பிரஷ்ஷுமாக இன்னொரு முறை தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். உப்பை உள்ளே வைத்துப் பூசினால் பெயின்ற்றுக்குக் கீழே ஈரம் ஏறிக் கொப்பளமாக எழும்பும். எவ்வளவு விலையுள்ள பெயின்ற்றாக இருந்தாலும் இதுதான் கதி. கழுவியதும் மெல்லிய மஞ்சள் கறள் மறுபடி வரும், அது பரவாயில்லை. அதற்குக் கறள் மாற்றி பூசுங்கள். பொஸ்போரிக் அமிலமோ ரனின் அமிலமோ உள்ள திரவம் அது, கறளைக் கறுப்புப் படையாக மாற்றும். மெல்லிய கறளுக்குத்தான் அது வேலை செய்யும். செதிலின் மேல் ஊற்றினால் மேல் தோல் கறுக்கும், அடியில் கறள் தன் பாட்டில் போகும்.

பிறகு இரண்டு பாகம் கலக்கும் எபொக்சி பிரைமர், இரண்டு கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று டின்னில் போட்டிருக்கும். அதைக் கடந்தால் முதல் கோட்டைத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது. காலை ஒன்பது மணிக்கு முன் தொடங்க வேண்டாம், இரவுப் பனியின் ஈரம் இரும்பில் இருக்கும். பின்னேரம் காற்றுக் குளிரும் முன் நிறுத்திவிடுங்கள். மூலைகளுக்கும் வெல்டிங் மடிப்புகளுக்கும் முதலில் பிரஷ்ஷால் பூசிவிட்டுப் பிறகு விசிறுங்கள், விசிறும் பெயின்ற் விளிம்பில் நிற்காது. அதற்கு மேல் வழமையான சேசிஸ் பெயின்ற்.

உட்பகுதிக்குக் குழிமெழுகு அல்லது லனோலின். நீண்ட வளையும் குழாயின் நுனியில் எல்லாப் பக்கமும் விசிறும் மூக்கு உள்ள கருவி வேண்டும். சேசிஸ் துளை ஒன்றால் குழாயை அடிவரை விட்டு, விசிறிக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். கீழே சொட்டும் வரை அடிக்க வேண்டும். அடுத்த நாள் கம்பியால் வடிதுளைகளை மறுபடி திறந்துவிடுங்கள், மெழுகு அவற்றை அடைத்திருக்கும். சைலன்சரிலும் பிரேக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் மெழுகு கொஞ்சம் உருகி வடியும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, செப்டெம்பரில், இன்னொரு சுற்று. மெழுகு கிடைக்காத இடத்தில் புதிய, தடித்த கியர் ஒயிலை உள்ளே விசிறுவது ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

தார்ப் பூச்சு அடித்தால் என்ன? தடிப்பாக, உறுதியாக இருக்கிறதே.

புதிய, சுத்தமான இரும்பில் நல்லது. பழைய கறள் மேல் அடித்தால் கேடு. காய்ந்த தாரில் வெடிப்பு விழும், அதற்குள் உப்புத் தண்ணீர் புகும், வெளியேற வழியில்லை. சில வருடம் கழித்துத் தாரை உரித்தால் அதோடு இரும்பும் பாளமாக வரும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே தார் இருந்தால் அங்கங்கே சுரண்டி அடியைப் பாருங்கள்.

படகுகளில் உலோகம் அரிக்காமல் இருக்க நாகக் (துத்தநாகக்) கட்டி பூட்டுகிறோம். அதையே ஜீப்பிலும் பூட்டினால்?

துறைமுகத்திலும் மீன்பிடியிலும் இருப்பவர்கள் கேட்கும் நல்ல கேள்வி. படகில் அது வேலை செய்வதற்குக் காரணம், நாகக் கட்டியும் அது காக்கும் உலோகமும் ஒரே கடல்தண்ணீரில் எப்போதும் மூழ்கியிருப்பது. தண்ணீர் வழியாகத்தான் மின்சுற்று நிறைவடையும். ஜீப் காற்றில் நிற்கிறது. சேசிஸின் ஒரு மூலையில் பூட்டிய கட்டி அதற்கு ஒட்டிய கொஞ்ச இடத்துக்கு மேல் எதையும் காக்காது. நாகத்தின் பயனை வேறு வழியில் பெறலாம்: நாகம் செறிந்த பிரைமர் இரும்பு முழுவதும் ஒட்டி நிற்பதால் கீறல் விழுந்தாலும் காக்கும். அது வெறும் இரும்பில் நேராகப் பட வேண்டும், கறள் மாற்றியின் மேல் அடித்தால் பயனில்லை. இன்னும் மேலே போனால், வண்டியை முழுதாகக் கழற்றி, சேசிஸை ஏறத்தாழ 450 பாகை உருகிய நாகத்தில் முக்கி எடுக்கும் கல்வனைஸ் முறை இருக்கிறது. வெளியும் உள்ளும் ஒன்றாக மூடும். செலவும் நாளும் பிடிக்கும், ஆனால் கடலோரத்தில் காலம் முழுக்க வைத்திருக்க நினைக்கும் வண்டிக்கு இதைவிட நல்லது இல்லை.

ஓட்டைக்கு மேல் தகடு வைத்து வெல்டிங்கால் ஒட்டினால் போதுமா?

போதாது. பழுதான இரும்பை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். தகட்டுக்கு மேல் தகடு வைத்தால் நடுவில் ஈரம் குடியிருக்கும். ஒட்டும் முன் பற்றரியைக் கழற்றுங்கள், டீசல் தாங்கியை இறக்குங்கள். குட்டை லாண்ட் ரோவரில் தாங்கி முன் சீற்றுக்கு அடியிலேயே இருக்கிறது. மெழுகு விசிறிய சேசிஸில் வெல்டிங் தீப்பிடிக்கும், ஆகவே ஒட்டு வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் மெழுகு. ஒட்டிய இடத்தின் உட்பக்கத்தில் பெயின்ற் எரிந்து போயிருக்கும். அங்கே மெழுகு கட்டாயம் போய்ச் சேரவேண்டும்.

மீன்பெட்டி ஏற்றுகிறேன், சிலவேளை படகும் இழுக்கிறேன். விசேடமாக என்ன செய்ய வேண்டும்?

மீன்பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீர் நல்ல உப்பு. பின்தரையின் மடிப்புகளில் இறங்கி, சேசிஸின் பின்சட்டத்தில் சொட்டும். வீடு வந்ததும் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரையைக் கழுவுங்கள். விரிப்பை உடனே திரும்பப் போட வேண்டாம்.

படகு இறக்கப் பின்சக்கரம் தண்ணீரில் இறங்கினால் இன்னொரு ஆபத்து. ஓடிச் சூடான அக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி, ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அக்சிலின் மேல் ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு. அது அடைபட்டிருந்தால் உறிஞ்சுவது நிச்சயம். அதைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர்க் குழாய் பூட்டி உயரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். அடுத்த நாள் அக்சில் நடுவில் உள்ள டிபரென்ஷியலின் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். சக்கர பேரிங், ஷாஃப்ட் சந்திகள், ஷக்கிள் (ஸ்பிரிங்கைச் சேசிஸோடு சேர்க்கும் இணைப்பு) எல்லாவற்றுக்கும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். உப்பும் அதோடு வந்துவிடும்.

2022 இல் இருந்து ஓடாமல் நின்ற வண்டி. டீசலை மாற்ற வேண்டுமா?

தாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும், டீசலை மாற்றினால் மட்டும் போதாது. அந்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் நிறுத்திய பல வண்டிகள் பிறகு நிரந்தரமாகவே நின்றுவிட்டன. பாதி காலியான தாங்கிக்குள் இரவு ஈரம் தண்ணீராகப் படிந்து அடியில் நிற்கும். தண்ணீரும் டீசலும் சேரும் படையில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புப் பாசியாகும். தாங்கிக்குள் கறளும் உண்டாகும். என்ஜினை அப்படியே ஸ்டார்ட் செய்தால் எல்லாம் பம்புக்குப் போகும். லாண்ட் ரோவர் 2.25 லீற்றர் டீசலில் உள்ள சிஏவி சுழல் பம்புக்கு மசகே டீசல்தான். தண்ணீரோ மண்ணெண்ணெய்க் கலப்போ போனால் உள்ளே உரசித் தேயும். பில்டர்களை மாற்றி, கையால் பம்ப் அடித்துக் காற்றை முழுவதும் எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இனிமேல் வண்டியை நிறுத்துவதானால் தாங்கியை நிரப்பி நிறுத்துங்கள்.

ரேடியேற்றருக்கு என்ன தண்ணீர்?

பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரும் கூலன்ட்டும். கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பைகூட வேண்டாம், ரேடியேற்றரில் சுண்ணாம்பு கட்டி, என்ஜினைக் கறள் தின்னும்.

காலையில் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் கறுப்புப் புகை. புகைப் பரிசோதனையில் தேறுமா?

காலையில் வெள்ளைப் புகை வந்து சூடானதும் நின்றால் முதலில் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். சூடான பிறகும் நின்றால் பம்ப் டைமிங் அல்லது கொம்பிறஷன். கறுப்புப் புகை என்றால் காற்றுப் போதவில்லை அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது. பழைய ஜீப்புகளில் உள்ள ஒயில் நிரப்பும் வகைக் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள், அடியில் மணல் களிபோல் படிந்திருக்கும். கழுவிப் புது ஒயில் விட்டாலே புகை குறையும் வண்டிகள் உண்டு. இன்ஜெக்டர்களைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பரிசோதனைக்குப் போகும் முன் என்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். நிறுத்தி வைத்த இடத்தில் என்ஜினை உச்ச வேகத்துக்கு முறுக்குவார்கள், ஆகவே பழைய ஒயிலோடும் தேய்ந்த ஃபேன் பெல்ட்டோடும் போகாதீர்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அதை வடிகட்டியால் தீர்க்க முடியாது.

பற்றரி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

வண்டியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய டீசல் ஜீப்புகளில் இரண்டும் உண்டு. 12 வோல்ட் ஹீட்டர் பிளக்கை 24 இல் பூட்டினால் எரிந்து உடையும், உடைந்த நுனி சிலிண்டருக்குள் விழலாம். 1960களின் பிற்பகுதிக்கு முந்திய லாண்ட் ரோவர்களில் நேர்முனை சேசிஸோடு சேர்ந்திருக்கும். அதில் புது ஓல்டனேற்றரோ ரேடியோவோ பூட்டும் முன் உறுதிப்படுத்துங்கள். இங்கே மின் கோளாறு என்று வரும் வண்டிகளில் நிறைய வெறும் எர்த் கறள்தான்: வயர் சேசிஸைத் தொடும் இடத்தை வெளுக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. தொடாமல் விடலாமா?

தொடுங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், குழாய் உள்ளிருந்தும் கறள் பிடிக்கும். புதிதாக வாங்கிய வண்டியில் ஒயில் முழுவதையும் மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சேசிஸோடு கிளிப் அடித்திருக்கும் இடத்தில்தான் இரும்புக் குழாய் அரிக்கும். கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். மாற்றுவதானால் செம்பு நிக்கல் கலப்புக் குழாய் போடுங்கள், அது கறள் பிடிக்காது. உயிரோடு விளையாடும் இடம் என்பதால் இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

வெளிநாட்டில் வேலை. வருடத்தில் பாதி வண்டி வீட்டில் நிற்கும். எப்படி வைப்பது?

படங்கு போட்டு மூடிக் கட்டாதீர்கள். தரையில் இருந்து எழும் ஈரம் படங்குக்குள் அடைபட்டு, இரவிரவாக வண்டியை நனைக்கும். நாலு பக்கமும் திறந்த, மேலே கூரை மட்டும் உள்ள கொட்டில்தான் நல்லது. கடல் பக்கம் மட்டும் ஒரு தட்டி அடைத்தால் இன்னும் நல்லது. புல்லிலும் மணலிலும் நிறுத்தாமல் சீமெந்துத் தரையிலோ கல் பரப்பிய இடத்திலோ நிறுத்துங்கள். வேப்பமரத்தின் கீழ் நிழல் இதம்தான், ஆனால் சருகு முன்கண்ணாடிக்குக் கீழேயும் காற்றுத் துவாரங்களிலும் அடைந்து ஈரம் பிடிக்கும்.

தரை விரிப்புகளைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். தாங்கியை நிரப்புங்கள், பற்றரியின் முனையைக் கழற்றுங்கள். ஹாண்ட் பிரேக்கை இழுத்து விடாதீர்கள், ட்ரம்மோடு லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்த தம்பியோ மருமகனோ இருந்தால் மாதத்தில் இரண்டு தடவையாவது அநுராதபுரச் சந்தி தாண்டிக் கன்னியா வரை ஓட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முற்றத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் நன்மை இல்லை, ஒயில் சூடாகாமல் என்ஜினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் தண்ணீர்தான் சேரும். ஓடி வந்ததும் வடிதுளைகளில் கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் துளை எங்கே என்று ஒரு படம் வரைந்து கொட்டில் தூணில் ஒட்டிவிட்டுப் போனால் அவர்களுக்கும் சுகம்.